குறையே இல்லாத இருபது லிஃப்ட்

காலை பத்து மணிக்கு இணையதளத்தைத் திறப்பதாக ஏற்பாடு. ஒன்பது நாற்பதுக்கே அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று கேட்பீர்கள். உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான். தளத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன் அவள் கணவனின் கூடப்பிறந்த தம்பி. அவன் நாள் முழுக்க அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த ஐந்தாம் மாடி அறைக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்த ரிஜிஸ்டர் சாருக்குக்கூட அண்ணிதான். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோமே, என்ன குறைந்துவிடப் போகிறது?

அறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நீளமாக ஒரு மேசை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு நாற்காலிகள், பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியை மட்டும் காட்டுகிற ஒரு ஜன்னல். சுவர் ஓரமாகக் கூரைவரை அட்டைப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளில்தான் இரண்டு வருட உழைப்பு கிடந்தது. எந்தப் பள்ளியில் எத்தனை குழாய் வேலை செய்கிறது, எந்தச் சந்திப்பில் எத்தனை விபத்து, எந்தக் கட்டட லிஃப்டில் என்ன கோளாறு என்று, அரசாங்க அலுவலகங்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோன பதிவேடுகளின் நகல்கள். எல்லாம் பொதுச் சொத்துதான், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டு வாங்கிப் பாருங்கள், செருப்பு தேய்ந்துவிடும்.

ரிஜிஸ்டர் சார் தேய்த்தார். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடுகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். எந்த அறையில் எந்த அலமாரி, யாரிடம் எப்படி மனு எழுதிக் கொடுத்தால் இரண்டாம் நாள் நகல் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் கொண்டுவந்ததை அண்ணி வரிசை வரிசையாகச் சரிபார்ப்பாள், தம்பி அதைத் தளத்தில் ஏற்றுவான். உறுப்பினராகச் சேரும் பத்திரிகையாளர்கள் உள்ளே நுழைந்து, வேண்டிய அட்டவணையை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். முகப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி: 'இங்கே இருக்கும் எண்ணைத் தைரியமாக அச்சிடலாம்.'

அந்த வரியை எழுதியவள் அண்ணி. ஏன் எழுதினாள் என்பதற்கு ஒரு கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு பத்திரிகையில் நிருபர். மங்கலான நகல் ஒன்றைப் பார்த்து அவசர அவசரமாகத் தேர்வு முடிவுகளை எழுதும்போது கண் ஒரு வரிசை கீழே இறங்கிவிட்டது. தொண்ணூறு சதவீதம் தேறிய பள்ளி, மறுநாள் பேப்பரில் ஒன்பது சதவீதம் தேறியது. காலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆசிரியர், "பேசாம இரு, யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார். அவளும் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. மடித்த பேப்பரை அவள் மேசையில் வைத்தார், அறுபது பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார், போய்விட்டார். பிறகு பதினோராம் பக்கத்தில் நகத்தளவு திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு அண்ணியால் நிருபர் வேலை பார்க்க முடியவில்லை.

இன்றைக்கு நூற்றுப் பதினாலு பேர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார்கள். அதில் முப்பத்தொரு பேர் ஒரே பெரிய பத்திரிகை. அதன் செய்தி ஆசிரியர் ஒரு பெண்மணி; அவரை நிருபர்கள் பூதக்கண்ணாடி என்பார்கள். வீட்டு விசேஷ அழைப்பிதழில்கூடப் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் என்று பேச்சு. கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னது அண்ணியின் காதில் இன்னும் இருந்தது: "ஒரு எண் தப்பா வந்தாலும் சரி, முப்பத்தொரு பேரும் அன்னைக்கே வெளியே வந்துடுவோம்." அவர்கள் போனால் மற்றவர்கள் நிற்பார்களா? தளம் அத்தோடு சரி. இரண்டு வருடமும் போச்சு.

"அண்ணி, பத்தாகப் போகுது. அம்மா வரலையே" என்றான் தம்பி.

"பொத்தானை நான்தான் அமுக்குவேன்னு அத்தை ஒரு வாரமா சொல்லிட்டிருந்தாங்களே!"

"முடி வெட்டிக்கிட்டு வரேன்னு பார்லருக்குப் போயிருக்காங்களாம். அவங்களுக்காக நூத்துப் பதினாலு பேரைக் காக்க வைக்க முடியுமா? நீங்களே அமுக்குங்க."

அண்ணி அமுக்கினாள். 

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு முதல் ஆள் உள்ளே வந்தார். திரையின் மூலையில் சுழியமாக இருந்த எண் ஒன்றானது, மூன்றானது, பதினொன்றானது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினான். பத்து நாலுக்கு முதல் அட்டவணையை யாரோ இறக்கினார்கள். "லிஃப்ட்! லிஃப்ட் அட்டவணை போயிடுச்சு!" என்று அவன் கத்தியதில் கீழ்மாடியிலிருந்து யாரோ "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள். ரிஜிஸ்டர் சாருக்கு வாயெல்லாம் பல். மூன்று பேரும் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கல்யாணச் சாப்பாடு மாதிரி சாப்பிட்டார்கள்.

அடுத்த நிமிடமே போன். இறக்கியவன் மாலைப் பத்திரிகை நிருபன், புயல் என்று பெயர். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுவான் என்பதால் வந்த பட்டம்.

"அண்ணி, என்ன அண்ணி இது, தங்கச் சுரங்கத்தைத் திறந்து விட்டுட்டீங்க! ஊர்ல மூவாயிரம் லிஃப்டு. எதுல எத்தனை குறைன்னு வரிசையா நிக்குது. குறையே இல்லாதது மட்டும் எரநூத்துக்கு மேல இருக்கு. அதுல பேர்போன இருபது கட்டடத்தை எடுத்துக்கிட்டேன். கடைசிப் பக்கம் முழுசும் எனக்கு. 'நம்பி ஏறுங்கள்'னு தலைப்பு. பன்னெண்டரைக்கு அச்சுக்குப் போகுது!"

"எங்க பேரைப் போடுவியா?"

"பெருசாப் போடுறேன். எழுத உக்காரப் போறேன், போனை இழுப்பறைக்குள்ள போட்டுப் பூட்டிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. திறந்த அன்றைக்கே அச்சில் ஒரு பக்கம்! கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள், தங்கைக்குச் சொன்னாள், தப்பாக வந்த ஒரு அழைப்பில் பேசியவரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

பதினொன்றே காலுக்கு மாமியார் கீழே வந்து நின்று போன் செய்தார். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாராம், யாராவது வந்து கூட்டிப் போக வேண்டுமாம். ஐந்து மாடி ஏற முட்டி இடம் கொடுக்காது. அண்ணியே இறங்கிப் போனாள்.

"பொத்தானை அமுக்கிட்டீங்களாமே? எனக்கு ஒரு பொத்தான்கூட மிச்சம் வைக்கலையா?" என்றார் மாமியார். புதிதாக வெட்டிய முடியை ஒரு கையால் தடவிக்கொண்டார்.

"அத்தை, இந்த லிஃப்டுல அஞ்சாம் நம்பர் பொத்தான் இருக்கு. அதை நீங்களே அமுக்குங்க."

மாமியார் அமுக்கினார். லிஃப்ட் ஒரு முனகு முனகிக் கிளம்பியது, மூன்றாம் மாடியைத் தாண்டியது, குலுங்கியது, நின்றது. விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது.

"போச்சு! நான் சொல்லல? இந்தப் பெட்டி ஆளை முழுங்கிடும்னு சொல்லல?"

"வாரத்துக்கு ஒரு தரம் இப்படித்தான் அத்தை நிக்கும். பயப்படாதீங்க, வாட்ச்மேன் சாவியோட வந்து திறப்பாரு."

"வாரத்துக்கு ஒரு தரமா? ஏம்மா, இதையெல்லாம் யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?"

"வருஷா வருஷம் பாத்து, என்னென்ன குறைன்னு எழுதணும் அத்தை. எழுதினது எல்லாம் எங்க சைட்டுல இருக்கு. இந்த லிஃப்டோட வண்டவாளத்தை இப்பவே உங்களுக்குக் காட்டுறேன் பாருங்க." அண்ணி பெருமையாகப் போனை எடுத்தாள். கதவு இடுக்குப் பக்கம் பிடித்தால் கொஞ்சம் சிக்னல் வந்தது. அட்டவணையைத் திறந்து, தங்கள் கட்டடத்தின் வரிசையைத் தேடிப் பிடித்தாள்.

குறைகள்: 0.

அவள் இன்னொரு தரம் பார்த்தாள். கட்டடம் அதுதான், தெரு அதுதான். வாரத்துக்கு ஒரு தரம் அந்தரத்தில் நிற்கிற இந்தப் பாழாய்ப்போன பெட்டியில் குறையே இல்லையாம். எழுதினவன் குருடனா என்று வைவதற்கு வாயைத் திறந்தவள், பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பரிசோதனை செய்த தேதி: ஒன்றும் இல்லை. பரிசோதகர் பெயர்: ஒன்றும் இல்லை.

யாருமே வரவில்லை. யாருமே பார்க்கவில்லை. அப்படியானால் அந்தப் பூஜ்யத்தை எழுதியது யார்?

அவள்தான். 

போன செவ்வாய்க்கிழமை நடந்தது அது. ரிஜிஸ்டர் சார் கண் டாக்டரிடம் போயிருந்தார். தம்பி திரும்பாமலே கேட்டான், "அண்ணி, லிஃப்ட்ல குறை எத்தனைங்கிற இடத்துல எக்கச்சக்கமா காலிக் கட்டம் வருது. வரிசைப்படுத்தினா சிக்குது. என்ன பண்ண?" அவள் யாருடனோ போனில் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "மழைக்குச் செஞ்ச மாதிரியே பூஜ்யம் போட்டுடுடா" என்றாள். மழைப் பதிவேட்டில் அது சரி. அங்கே மழை இல்லாத நாளில் ஒன்றும் எழுதாமல் விடுவதுதான் அவர்கள் வழக்கம். காலி என்றால் மழை இல்லை, பூஜ்யம். லிஃப்ட் பதிவேட்டில் காலி என்றால் குறை இல்லை என்று அர்த்தமல்ல, ஆள் போய்ப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். ஒரே ஒரு வார்த்தையில் ஊரில் யாரும் தொட்டுப் பார்க்காத அத்தனை லிஃப்டையும் அவள் முதல் வகுப்பில் தேற வைத்துவிட்டாள். அவற்றை நம்பி ஏறச் சொல்லித்தான் புயல் இப்போது பக்கம் எழுதிக்கொண்டிருந்தான்!

"என்னம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? கயிறு அறுந்துடுச்சா?" என்றார் மாமியார்.

"கயிறு நல்லாத்தான் இருக்கு அத்தை. நான்தான் அறுத்துட்டேன்."

தம்பிக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறை கிடைத்தது. சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் அவன் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது.

"எரநூத்துப் பன்னெண்டு லிஃப்டு அண்ணி. ஒண்ணுக்கும் தேதி இல்ல." அவன் குரல் இறங்கியிருந்தது. "எத்தனை பேர் இறக்கியிருக்காங்கன்னு பாத்தேன், இருபத்தாறு. பூதக்கண்ணாடியும் அதுல உண்டு."

"எடுத்துடு. முதல்ல அந்த அட்டவணையை எடுத்துடு."

"எடுத்தாச்சு. அண்ணி, கேளுங்க. பத்து நிமிஷத்துல சரி பண்ணித் திரும்ப ஏத்திடுறேன். புயலை மட்டும் எப்படியாவது நிறுத்திடலாம். மத்தவங்க மறுபடி இறக்கும்போது சரியானது போயிடும். யாருக்கும் தெரியாது. நாம சொல்ல வேணாம். முதல் நாள் அண்ணி! ரெண்டு மணி நேரம்கூட ஆகல. இப்பப் போய் 'தப்பு பண்ணிட்டோம்'னு நூத்துப் பதினாலு பேருக்கும் நாமே எழுதினா, முப்பத்தொண்ணு இன்னைக்கே போயிடும். அப்புறம் யாரு நிப்பாங்க?"

பொய் சொல்வானேன், அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள்? அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்றுகொண்டு ஒரு முழு நிமிடம் அவள் யோசித்தாள். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருவர் சொன்னதும், அதைக் கேட்டுக்கொண்டு நாலு நாள் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் அவளுக்குத் தெளிவே பிறந்தது.

"நான் எழுதி அனுப்புறேன். ஒரு எழுத்து மாத்தாம எல்லாருக்கும் அனுப்பு."

"அண்ணி…"

"அனுப்புடா."

கதவு இடுக்கில் போனைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் எழுதினாள். 'லிஃப்ட் அட்டவணையில் பெரிய தவறு. தவறு எங்களுடையது. குறைகள் 0 என்று இருக்கும் 212 லிஃப்டுகள் குறை இல்லாதவை அல்ல, பரிசோதிக்கப்படாதவை. காலியாக இருந்த கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னது நான். தயவுசெய்து அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம். ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருந்தால் உடனே திருத்திச் சொல்லுங்கள்.' கீழே தன் முழுப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் போட்டாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அது நூற்றுப் பதினாலு பேருக்கும் போனது.

அதற்குள் படிக்கட்டில் தடதடவென்று காலடி. ரிஜிஸ்டர் சார். லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினார்.

"அண்ணி, கேக்குதா? புயல் போனை எடுக்கல. ஆபீஸ் லைனும் பேசிக்கிட்டே இருக்கு. நானே நேர்ல போறேன்."

"சார், உங்க முட்டி…"

"முட்டி கெடக்கட்டும். அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எந்தப் பரிசோதகரும் பூஜ்யம்னு எழுதவே மாட்டாரு! குறை ஒண்ணுமே இல்லைன்னா, 'நீ போய்ப் பாத்தியா, வீட்ல இருந்தே எழுதினியா'ன்னு மேலதிகாரி கேப்பாரு. அதுக்கு பயந்துக்கிட்டு, அறிவிப்புப் பலகை அழுக்கா இருக்குன்னாவது ஒண்ணு எழுதி வெப்பாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு பூஜ்யம் பாத்ததில்ல!"

"திட்டுறதைத் திரும்பி வந்து திட்டுங்க சார். ஓடுங்க!"

அவர் ஓடினார். அறுபத்துமூன்று வயது மனிதர் அப்படி ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு ஐந்துக்கு வாட்ச்மேன் சாவியோடு வந்தார். கதவு திறந்தால் நாலாம் மாடித் தரை இடுப்புயரத்தில் இருந்தது. முதலில் மாமியாரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. வாட்ச்மேன் மேலிருந்து இழுக்க, அண்ணி கீழிருந்து தள்ள, "முடி, முடி! முடியைப் பாத்து!" என்று மாமியார் கூவ, ஒருவழியாகக் கரையேறினார். அண்ணி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறினாள். "அத்தை, மேல தம்பி இருக்கான்" என்று சொன்னது மட்டும்தான், படிகளில் இரண்டிரண்டாகத் தாவிக் கீழே இறங்கிவிட்டாள்.

மாலைப் பத்திரிகை அலுவலகம் மூன்று தெரு தள்ளி. போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பதினேழு. வாசல் வரவேற்பில் ரிஜிஸ்டர் சார் ஒரு சோபாவில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். "முன்கூட்டிச் சொல்லாம உள்ள விட மாட்டாங்களாம். படிவம் பூர்த்தி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் பரிதாபமாக. ஊரெல்லாம் படிவம் கொடுத்தே காலம் தள்ளிய மனிதரை ஒரு படிவம் மடக்கிப்போட்டிருந்தது. அண்ணி நிற்கவில்லை. வரவேற்புப் பெண் "மேடம், மேடம்" என்று எழுவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

புயலின் திரையில் பக்கம் தயாராக இருந்தது. நம்பி ஏறுங்கள்! இருபது கட்டடங்களின் படம், நடுவில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம்.

"வாங்க அண்ணி! பாருங்க, எப்படி…"

"நிறுத்து. அது அத்தனையும் தப்பு. அந்த லிஃப்டை யாரும் பாக்கவே இல்ல. பூஜ்யம் போட்டது நான்."

அவன் மண்டையில் முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஏறியதும் எழுந்து நின்றுவிட்டான். "அண்ணி, பதிமூணு நிமிஷம் இருக்கு! முழுப் பக்கம்! இப்ப நான் இதை எதை வெச்சு ரொப்புவேன்? என் தலையை வெச்சா?"

"இதை வெச்சு." அவள் போனை அவன் முன்னால் வைத்தாள். தம்பி காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டு அனுப்பிய புதிய அட்டவணை. "எரநூத்துப் பன்னெண்டு லிஃப்டு. நீ எடுத்த இருபதும் இதுலதான் இருக்கு. பரிசோதனைக்கு ஒரு ஆள் எட்டிப் பாக்கல. தேதி இருக்கிற கட்டத்தைப் பாரு. எல்லாம் வெறுமை."

புயல் பார்த்தான். ஒரு விரலால் கீழே தள்ளினான், இன்னும் தள்ளினான். காலிக் கட்டங்கள் முடிகிறதாக இல்லை.

"அண்ணி," என்றான் மெதுவாக, "இது முன்னதைவிடப் பெரிய செய்தி."

"எழுதுடா அப்ப! பேசிக்கிட்டு நிக்காதே!"

உட்கார்ந்தான். அடேயப்பா, அந்தப் பையனுக்குப் புயல் என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அவள் எண்ணை வாசிக்க வாசிக்க, அவன் விரல்கள் விசைப்பலகையைப் பிய்த்து எடுத்தன. ஒவ்வொரு எண்ணையும் அவள் இரண்டு முறை வாசித்தாள், அவன் இரண்டு முறை திருப்பிச் சொன்னான். சிரித்த குடும்பம் போனது. 'யாரும் பார்க்காத 212 லிஃப்டுகள்' என்று தலைப்பு ஏறியது. இதற்குள் படிவத்தை வென்று உள்ளே வந்துவிட்ட ரிஜிஸ்டர் சார், லிஃப்ட் பரிசோதனை யார் பொறுப்பு, எந்த விதிப்படி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதைப் பின்னால் நின்று மனப்பாடமாக ஒப்பித்தார்.

பன்னிரண்டு இருபத்தேழுக்குப் புயல் கையை நிறுத்தினான். "அண்ணி, ஒண்ணு கேக்கணும். காலைல உங்க சைட்டுல இது தப்பா இருந்துச்சுன்னு எழுதணுமா, வேணாமா? எழுதாட்டியும் செய்தி நிக்கும்."

"எழுது. நான்தான் தப்புப் பண்ணினேன்னு எழுது. சின்ன எழுத்துல இல்ல. செய்திக்குள்ளயே எழுது."

எழுதினான். பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குப் பக்கம் அச்சுக்குப் போனது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, காரணமே இல்லாமல் பெரிதாகச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஐந்தாம் மாடி ஏறும்வரைதான் இருந்தது. அறையில் தம்பி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாமியார் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூணு பேர் விலகிட்டாங்க அண்ணி. இன்னும் ஏழெட்டுப் பேர் கோவமா எழுதியிருக்காங்க. பூதக்கண்ணாடிகிட்ட இருந்து ஒண்ணும் வரல."

வராமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, சிராய்த்த முழங்காலைப் பார்த்தாள். செய்தது சரி என்று தெரியும். சரியைச் செய்துவிட்டு எல்லாவற்றையும் இழப்பது புதிதா என்ன? இரண்டு வருடம். அத்தனை பெட்டிகள். இந்த மனிதரின் முட்டி. 

ஒன்றரைக்குப் போன் அடித்தது. திரையில் பூதக்கண்ணாடியின் எண். அண்ணி எழுந்து நின்றே எடுத்தாள்.

"ஒரு கேள்வி கேக்கணும்." வணக்கம்கூட இல்லை. "இந்தத் தப்பை வெளியில இருந்து யாராவது சொன்னாங்களா, நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"நானேதான் மேடம். காலைல பதினொண்ணரை சுமாருக்கு."

"பதினொண்ணு அம்பத்திரெண்டுக்கு எழுதி அனுப்பிட்டீங்க."

"ஆமாம் மேடம். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யோசிச்சேன். அது உண்மை. சொல்லாமலே விட்டுடலாமான்னு யோசிச்சேன்."

 அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். சரி, முடிந்தது.

"எங்க அம்மாவுக்கு எழுபத்தொண்ணு வயசு" என்றார் பூதக்கண்ணாடி. குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆறாம் மாடியில இருக்காங்க. ஒரு தரம் லிஃப்ட் திடீர்னு ரெண்டு மாடி இறங்கி நின்னதுல இருந்து பயம். மூணு மாசமா வீட்டை விட்டு வெளிய வரல. காலைல உங்க அட்டவணையில அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். குறை பூஜ்யம். சந்தோஷத்துல உடனே போன் போட்டு, 'அம்மா, அரசாங்கமே பாத்துச் சொல்லியிருக்கு, ஒரு குறையும் இல்ல, தைரியமா இறங்கி பார்க்குக்குப் போயிட்டு வா'ன்னு சொன்னேன். நான் சொன்னா அம்மா கேப்பாங்க. நான் தப்பே சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை."

"அம்மா ஏறிட்டாங்களா மேடம்?" என்றாள் அண்ணி.

"உங்க மெசேஜ் வந்தப்ப மறுபடி போன் போட்டேன். குளிச்சு, நல்லா உடுத்திக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு லிஃப்ட் கதவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தாங்க. 'வேணாம்மா, ஏறாதே, உள்ள போ'ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. என்னால பேச முடியல. நீங்க இன்னும் பத்து நிமிஷம் யோசிச்சிருந்தா…"

அவர் முடிக்கவில்லை. அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"முப்பத்தொரு பேரும் இருப்பாங்க" என்றார் பூதக்கண்ணாடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதுக்காக நான் விட்டுடுவேன்னு நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு வரியையும் தோண்டுவேன்."

"தோண்டுங்க மேடம்."

"தோண்டத்தான் போறேன். இப்ப இந்தக் கட்டடத்துக்கு ஒரு ஆளை அனுப்பி லிஃப்டைப் பாக்க வைக்க யாருக்கு மனு எழுதணும்?"

ரிஜிஸ்டர் சார் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத்தாளை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் திறந்திருந்தார். அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்களே எழுதுறோம் மேடம், இன்னைக்கே. அம்மாவோட கட்டட நம்பரைச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடி சொன்னார். அண்ணி எழுதினாள், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பி வாசித்துக் காட்டினாள்.

"சரியா மேடம்?"

"சரி" என்றார் பூதக்கண்ணாடி.